சுவர் தெரிந்த இதயம்

“கல்லெல்லாம் ஒண்ணும் இல்லையாம்!”

பந்தயத்தில் ஜெயித்தவனின் குரல் அவள் கணவனுக்கு. ஸ்கேன் சென்டரில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கு இவ்ளோ பெரிய கவரு! கிளம்பு, அம்மா தனியா இருக்காங்க.”

அவள் எழுந்திருக்கவில்லை. சீருடை தைக்கும் தொழிற்சாலையில் அவள் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணியை ஒரே மூச்சில் வெட்டித் தள்ளிய கை, இப்போதெல்லாம் பாதியில் நின்றுவிடுகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கண்ணை மூடினால் போதும், “வீட்ல தூங்கறதே இல்லையாம்மா?” என்று முதலாளி வந்து நிற்கிறார். இப்படியே போனால் பட்டன் தைக்கும் பகுதிக்கு மாற்றிவிடுவாராம். மாமியாரோ ‘வேலைக்குப் போற திமிரு, நடிப்பு’ என்று ஒரே வரியில் வைத்தியம் பார்த்து முடித்துவிட்டார். இடுப்பு வலிக்குக் கிட்னியில் கல் இருக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. கல் இருக்கிறவளைப் பார்த்து நடிக்கிறாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கல்லும் கைவிட்டுவிட்டது.

“அதான் ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கே, வா” என்றான் கணவன்.

“கல் இல்லைன்னுதான் போட்டிருக்கு. ஒண்ணுமில்லைன்னு போடல.”

விறுவிறுவென்று நடந்து, படம் பார்க்கும் அறையின் கதவைத் தள்ளினாள். உள்ளே ஒரு இளம் பெண் டாக்டர், பிஸ்கட்டை அவசரமாக விழுங்கினார்.

“கல் இல்லைன்னா எனக்கு வேற என்ன டாக்டர்?”

“கல் இருக்கான்னு கேட்டிருந்தாங்க, பதில் எழுதிட்டேன். கேட்டதுக்கு மேல எழுதறது இங்க வழக்கமில்ல...” என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கிட்டே வந்து கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“வயித்தைப் படம் எடுக்கறப்ப இதயத்தோட அடிப்பாகமும் கொஞ்சம் விழும். முன்னெல்லாம் மணல் தூவின மாதிரி இருக்கும், ஒண்ணும் புரியாது. இப்ப ஆயிரக்கணக்கான படத்தைப் பார்த்துப் பழகின கம்ப்யூட்டர் அந்தப் புள்ளியையெல்லாம் துடைச்சுக் குடுக்குது. ரத்தமும் இதயத்துச் சுவரும் ஒரே நிறமா கலந்து தெரியணும். உங்களுக்குச் சுவர் தனியாத் தெரியுது பாருங்க.”

சாம்பல் நிறத்துக்கு நடுவே வெளிறிய பட்டை ஒன்று. சட்டைக் காலர் நைந்துபோனால் உள்ளே வைத்த கேன்வாஸ் இப்படித்தான் பல்லிளிக்கும்.

“ரத்தம் நீர்த்துப்போயிருக்கலாம். ரத்தசோகை.”

பின்னாலேயே வந்து நின்ற கணவன் சிரித்தான். “செல்போன்ல மூஞ்சியை வெள்ளையாக்குற மாதிரியா டாக்டர்? மெஷின் பூசின படத்தை நம்பறதா?”

“நானும் கண்ணை மூடிட்டு நம்பல சார். அதனாலதான் ரத்தத்தை டெஸ்ட் பண்ணணும்ங்கறேன்.” டாக்டர் அவளிடம் திரும்பினார். “மாசா மாசம் அதிகமாப் போகுதாம்மா?”

கணவன் சுவரில் இல்லாத எதையோ படிக்க ஆரம்பித்தான். ‘கொஞ்சம்’ என்பதுதான் இத்தனை வருஷமாக அவள் சொல்லி வந்த பதில்.

“கொட்டுது டாக்டர். பாதி மாசம் அப்படித்தான். கறுப்பைத் தவிர வேற நிறம் உடுத்தறதே இல்ல. வெட்டற துணியில பட்டுடுமோன்னு பயந்துகிட்டே நிக்கறேன்.”

“மெதுவாப் பேசேன். வெளியில ஆளுங்க இருக்காங்க” என்று பல்லைக் கடித்தான்.

“எதுக்கு மெதுவா? நான் நடிக்கறேன்னு அத்தை தெருவுக்கே கேக்கற மாதிரிதானே சொன்னாங்க? அப்ப நீங்க மெதுவாப் பேசுங்கன்னு சொன்னீங்களா?”

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“சுவர் தெரியுதுன்னு ரிப்போர்ட்ல எழுதிக் குடுங்க டாக்டர்.”

“பெரிய டாக்டர் என்னைத் திட்டுவாரும்மா.”

“என்னையும்தான் முதலாளி திட்டறாரு. செத்தா போயிட்டேன்? எழுதுங்க.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

ரத்தம் எடுக்கும் இடம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. “நாளைக்கு வரலாமே” என்று கணவன் முனகியபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. கைப்பையை அவனிடம் நீட்டினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

நர்ஸ் ரப்பர் பட்டையைக் கட்டி, தட்டித் தட்டிப் பார்த்தாள். “நரம்பே கிடைக்கலையே. கையை நல்லா மூடுங்கக்கா.”

மூடினாள்.

“போதும், போதும். இவ்ளோ இறுக்க வேணாம்.”

அவள் தளர்த்தவில்லை. விரல் முட்டிகள் வெளுத்தன. முழங்கை மடிப்பில், மெல்லிய நீல நரம்பு ஒன்று தோலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது.