ஆளுக்கொரு ஆணி

கிழக்கு வெளுப்பதற்குள் படகைக் கரையேற்றியாக வேண்டும். ஆற்றில் ஏறியிருக்கும் தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டால் மெர்போக் ஆற்றுச் சேறு படகைக் கவ்விக்கொள்ளும், பிறகு விடவே விடாது. பதினொரு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். ரப்பர் மரத் துண்டுகளை உருளையாக அடியில் கொடுத்து, ஆறு ஆண்கள் கயிற்றை இழுக்க, ஐந்து பெண்கள் பின்னாலிருந்து தோளால் முட்டித் தள்ள, அந்தப் பழைய மீன்பிடிப் படகு முனகிக்கொண்டே மேலேறியது. உருளைகளில் பால் வெட்டிய தழும்பு இன்னும் ஆறவில்லை. வெட்டியவர்களும் அவர்கள்தாம்.

ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பரைக் கேட்பார் இல்லை. பாக்கார் ஆராங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இவர்களை லாரியில் ஏற்றி, இந்த ஆற்றோரப் பட்டறையில் இறக்கிவிட்டார்கள். மலாய் மீனவர்களிடம் பறித்த படகுகளின் பின்பலகையை வெட்டித் தணித்து, அதில் இரும்புத் தாங்கி பூட்ட வேண்டும். துரைமார்கள் விட்டுவிட்டு ஓடிய படகு இன்ஜின்கள் அந்தத் தாங்கியில் தொங்கும். ராணுவத்துக்குச் சாமான் இழுக்கும். கூலி என்று கையில் வருவது அரிசிதான். அதையும் இந்த மாதம் இரண்டாவது முறையாகக் குறைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்ட பசுபதியிடம், போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதைக்குப் போகிற லிஸ்டில் இன்னும் இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார், பட்டறையைக் குத்தகைக்கு எடுத்த சீனிவாசகம். முன்பு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். இப்போதும் எல்லாருக்கும் அவர் கிராணிதான்.

தச்சு வேலை ராமையாவுடையது. தோட்டத்துக் கோயில் கதவும் துரை பங்களாவின் சாய்வு நாற்காலியும் அவன் கைவேலை. அந்தப் பெருமையெல்லாம் தோட்டத்தோடு போயிற்று. இங்கே எதற்கெடுத்தாலும் அழகேசன்.

அழகேசன் துரையின் கார் டிரைவராக இருந்தவன்; இன்ஜின் தெரிந்தவன். செத்துக் கிடந்த இன்ஜினை அவன் துடைத்து, ஊதி, கயிற்றைச் சுண்டி இழுத்து உறுமவைத்தால், படகு இடுக்குகளை அடைக்கக் குங்கிலியம் இடிக்கிற பெண்கள் உலக்கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ராமையாவின் மனைவி செல்லாயியும் பார்ப்பாள். ராமையா நாள் முழுக்க இழைத்த பலகையை எவர் பார்த்தார்?

அதையாவது விட்டுத்தள்ளலாம். மத்தியானச் சாப்பாட்டை அவனால் விட முடியவில்லை. செல்லாயிதான் எல்லாருக்கும் மரவள்ளி அவிப்பாள். இரண்டு மாதமாகப் பார்க்கிறான். கிழங்கின் மாவான சதையைத் தனியாக எடுத்து, கரண்டிக் காம்பால் மசித்து அழகேசனுக்குக் கொடுக்கிறாள். கட்டிய புருஷனுக்கு நார். அழகேசனோ அதை வாங்கிக்கொண்டு, புதுமாப்பிள்ளை மாதிரிப் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். முன்பெல்லாம் வாய்விட்டுச் சிரித்தவனுக்குத் திடீரென்று என்ன வெட்கம்?

அன்றைக்குக் கரையேற்றிய படகில் ராமையா பின்பலகையின் மேல்விளிம்பை அறுத்துத் தணித்தான். தாங்கிக்குத் துளை போடத் துரப்பணத்தைச் சுழற்றினான். முதல் துளையில் மரச்சுருள் பொன்னிறமாக வந்தது. கீழே இரண்டாவது துளையில், பழுத்த பழத்தில் இறங்குவதுபோல் துரப்பணம் தானாக உள்ளே போயிற்று. வெளியே வந்தது கறுப்புத் தூள். விரலால் தேய்த்து மோந்து பார்த்தான். சாக்கடை நாற்றம். வெளியே பெயிண்டு பளபளத்தது. உள்ளே கடல்புழு தின்று தீர்த்திருந்தது. இதில் இன்ஜினைத் தொங்கவிட்டு வேகம் கொடுத்தால், நடு ஆற்றில் பலகையோடு பிய்த்துக்கொண்டு போகும். ஓட்டுகிறவனும் போவான்.

கிராணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். புழு தின்னாத நல்ல செங்கால் மரப் பலகை கிடைத்தால் இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்றான்.

கிராணி சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு ஜப்பான் சார்ஜெண்டு ஓட்டச் சொல்லிப் பாக்க வர்றான். ரெண்டு நாளாம் ரெண்டு நாளு. குங்கிலியத்த அடைச்சுப் பூசிவிடு."

"ஓட்டறவனுக்கு உசுரு போயிருங்க ஐயா."

"ஓட்டப்போறது அழகேசன்லா. உனக்கு எங்க நோவுது? உன் வீட்டுச் சட்டியிலயே அவனுக்குத்தான் முதல் பந்தின்னு பட்டறையே சிரிக்குது."

ராமையாவுக்குக் காது மடல் சுட்டது. போய்க் குங்கிலியம் வாங்கி வந்தான். கொடுத்தது செல்லாயிதான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. துளையைச் சுற்றி அடைத்து, கட்டைவிரலால் வழித்து, பெயிண்டு பூசினான். நேர்த்தியான வேலை. தன் கையைத் தானே பார்க்கக் கூசி வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பொழுது சாயும் நேரத்தில், தகரக் கொட்டகையில் அவள் அடுப்பு மூட்டும்போது அவன் கேட்டே விட்டான்.

"எனக்கு நாரு, அவனுக்கு மாவா? நான் என்னடி கொறச்சுட்டேன் உனக்கு?"

செல்லாயி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை.

"நாரு போட்டா எதால கடிப்பாரு? முன்பல்லு ஆறும் இல்லாத மனுசன்."

அதன்பின் அவள் சொன்னது இது. இரண்டு மாதத்துக்கு முன்னால், முதல் படகுக்கு, பின்பலகையின் உயரம் பதினைந்து என்று மட்டும் கிராணி சொன்னார். ராமையா தன் அடிக்கோலை வைத்துப் பதினைந்து அங்குலம் வெட்டிக் கொடுத்துவிட்டு, மலேரியா கண்டு படுத்துவிட்டான். சார்ஜெண்டு சொன்ன பதினைந்தோ அவனுடைய மூங்கில் கோலின் கோடுகள். ஒவ்வொரு கோடும் வெள்ளைக்காரனின் அங்குலத்தைவிடக் கொஞ்சம் நீளம். பதினைந்து சேர்ந்தால் மூன்று அங்குலம் வித்தியாசம். கோலைக் கொண்டுவந்து காட்டக் கிராணிக்குத் தோன்றவில்லை. பலகை அந்த அளவு தாழ்ந்துபோனதால், ஓட்டிப் பார்த்தபோது பின்பக்கமாக அலை ஏறிப் படகு நிறைந்தது. வெட்டினது யார் என்று சார்ஜெண்டு கேட்டான். கிராணி ராமையா படுத்திருந்த கொட்டகைப் பக்கம் கையைத் தூக்கினார். அதற்குள் அழகேசன் முன்னால் போய், அளவு என்னுடையது என்றான். துப்பாக்கிக் கட்டை அவன் வாயில் இறங்கியது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, நான்தான் வெட்டினேன்னு போயி நிப்பீங்க. காய்ச்சல்ல கெடந்த ஒடம்பு ஒரு அடி தாங்குமா? சொல்ல வேணாம் அண்ணின்னு அவருதான் எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு." அவள் குரல் தழைந்தது. "நீங்களானா படகுல தண்ணி ஏறினது அவரு தப்புன்னு நம்பி ரெண்டு மாசமா, டிரைவருக்கு அளவு தெரியாதுன்னு பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரிச்சிட்டுத் திரியறீங்க."

ராமையா சுவரோரமாக உட்கார்ந்தான். வெட்கம் வந்தது, நன்றியும் வந்தது. ஆனால் அதற்கெல்லாம் அடியில் பழைய நெருப்பே இன்னும் கனன்றது. தன் வாயில் விழுந்திருக்க வேண்டிய அடி அது. அதைக்கூட அவன் அல்லவா தட்டிக்கொண்டு போய்விட்டான்!

"செல்லாயி, அந்தப் பலகை உளுத்தது. மேல பூசி மறைச்சிட்டேன்."

அடுப்புக்குள் விறகைத் தள்ளிய கை நின்றது. வெகுநேரம் அவள் அவனைப் பார்த்தாள். கல்யாணமான எட்டு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகும்? அவருகிட்ட சொல்லுங்க."

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் பட்டறையில் எல்லாரும் கூடியபோது, ராமையா படகின் பின்னால் போய் நின்று அழகேசனைக் கூப்பிட்டான். பெயிண்டின்மேல் உளியை வைத்தான். அடிக்கக் கொட்டாப்புளி தேவைப்படவில்லை. உள்ளங்கையால் அழுத்தியதும் உளி பிடிவரை இறங்கியது.

"நேத்தே தெரியும் தம்பி. சொல்லாம பூசிட்டேன்."

அழகேசன் உளியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏன் அண்ணே?"

"பொறாமை. வேற என்ன."

குங்கிலியம் இடிக்கும் காளியம்மா, கூட்டத்தில் மூத்தவள், பெருமூச்சு விட்டாள். "அது ஒண்ணுக்குத்தான் இன்னும் ரேஷன் போடல இந்த ஊருல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அழகேசனின் புறங்கை பழக்கத்தில் வாய்க்குப் போயிற்று. அவன் சிரித்தானா, அழுகையை அடக்கினானா என்று ராமையாவுக்குத் தெரியவில்லை.

கிராணி வந்தார். உளியைப் பார்த்ததும் முகம் மாறியது. தாங்கியை உடனே பூட்டச் சொன்னார்.

ராமையா நகரவில்லை. "பலகை நல்லாருக்குங்கறீங்களா ஐயா?"

"நல்லாத்தான் இருக்கு. பூட்டு."

"அப்ப நீங்களும் ஏறுங்க. தம்பி பக்கத்துல உக்காந்து ஒரு சுத்துப் போயிட்டு வாங்க."

"எனக்கு ஆபீஸ்ல ஆயிரம் வேலை."

"எங்களுக்கும் வேலைதாங்க," என்றாள் செல்லாயி. "ரெண்டு நாளு வேலை. செங்கால் பலகை மட்டும் குடுங்க. கொறைச்ச அரிசியையும் சேத்துக் குடுத்தா தெம்பா செய்வோம்."

கிராணி சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். "எல்லாரும் எனக்கு வேணாம். ஒரே ஒரு பேரு போதும். இதக் கெளப்பினது யாரு? அவன் சயாமுக்குப் போவான்; மத்தவங்க தப்பிச்சுக்குவீங்க."

ஒரு பேர். அழகேசன் ஒரு அடி முன்னால் வைத்தான். அவன் வாய் திறப்பதை ராமையா பார்த்தான். பல் இல்லாத கருத்த ஈறு தெரிந்தது. மறுபடியுமா? இந்த முறையும் இவனா? எட்டிப் பாய்ந்து, தன் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினான்.

"நீ ஒருதரம் எடுத்துக்கிட்டது போதும்லா."

மறு கையால் குறடை எடுத்துப் பின்பலகையின் முதல் ஆணியைக் கவ்வி இழுத்தான். துருவேறிய ஆணி கிறீச்சிட்டு வந்தது. அதைக் கிராணியின் முகத்துக்கு நேரே நீட்டினான். "எழுதிக்குங்க. ராமையா."

கிராணி பென்சிலை எடுப்பதற்குள் செல்லாயி குறடை வாங்கிவிட்டாள். மண்டியிட்டு, இரண்டு கையாலும் முறுக்கி, அடுத்த ஆணியைப் பிடுங்கினாள். "செல்லாயி." காளியம்மா அவளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். மூன்று இழுப்பில் வராத ஆணியை வாயாறத் திட்டிக்கொண்டே நான்காவது இழுப்பில் எடுத்தாள். "காளியம்மா. எழுத்துப் பிசகாம எழுதுங்க." பிறகு பசுபதி. பிறகு மற்றவர்கள், குறடு கைமாறிக்கொண்டே போயிற்று. கடைசி ஆணி அழகேசனுக்கு. அவன் இழுத்ததும், உளுத்த பலகை தன் பாரத்தாலேயே சரிந்து சேற்றில் விழுந்து இரண்டாக உடைந்தது. உடைந்த வயிற்றிலிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. பின்புறம் திறந்து கிடந்த படகின் வழியே ஆறு தெரிந்தது. இனி அதை யாராலும் அன்றைக்குத் தண்ணீரில் இறக்க முடியாது.

"கெடுத்தீங்களேடா," என்றார் கிராணி. காகிதத்தில் ஒரு பேரும் இல்லை. பதினொன்றையும் எழுதினால் படகு செய்ய ஆள் ஏது, படகு இல்லாவிட்டால் சார்ஜெண்டு யாரைப் பிடிப்பான் என்கிற யோசனை அவர் முகத்தில் ஓடியது.

பத்து மணிக்குச் சாலைத் திருப்பத்தில் லாரி உறுமியது. யாரும் கலையவில்லை. யாரும் சொல்லாமலே படகின் முன்னால் வரிசையாக நின்றார்கள். செல்லாயியின் தோள் ராமையாவின் தோளில் உரசியது, அவள் விலகவில்லை. மறுபக்கம் அழகேசன்.

சார்ஜெண்டு மூங்கில் கோலோடு இறங்கினான். படகைப் பார்த்தான், உடைந்த பலகையைப் பார்த்தான், எதையோ கத்தினான். மொழி தெரியாவிட்டாலும் கேள்வி எல்லாருக்கும் புரிந்தது. அதே பழைய கேள்விதான்: யார்?

கிராணி வெறும் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

பதினொரு கைகள் நீண்டன. பதினொரு உள்ளங்கையிலும் ஒரு துருப்பிடித்த ஆணி. சார்ஜெண்டு வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான். கோலை ஓங்கினான், எந்தக் கையில் இறக்குவது என்று ஒரு கணம் தயங்கினான்.

அந்த ஒரு கணத்தில் அழகேசன் சிரித்தான். ஒரு கையில் ஆணி இருந்தது. இன்னொரு கையை ராமையா இறுகப் பிடித்திருந்தான். வாயைப் பொத்திக்கொள்ள வழியில்லை. ஆறு பல் இல்லாத அந்தப் பொக்கைச் சிரிப்பு முழுசாக வெளியே வந்தது. அதைப் பார்த்த ராமையாவுக்கு மறுபடியும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. பிடித்த கையை அவன் விடவில்லை.