குளத்தில் கிடந்த மோட்டார்

அந்த வருஷம் பெக்கோக் ஊரில் மழை பொய்த்துவிட்டது. செம்பனைத் தோட்டத்துக் குளம் வற்றி, சேற்றுக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடி நீட்டிக்கொண்டு தெரிந்தது. பக்கத்திலேயே மனித எலும்புகள். நம்பரைப் பார்த்துவிட்டுப் போலீஸ்காரர்கள் நேராகப் பரக்கத் நிஷாவின் சாப்பாட்டுக் கடைக்கு வந்தார்கள்.

மோட்டார் அவள் கணவன் நவ்சாத்துடையது.

பத்து வருஷத்துக்கும் முன்னால், ஒரு நாள் காலையில் கிளம்பிப் போனவன் திரும்பவில்லை. அன்றைக்கே கடையில் வேலை பார்த்த மலரையும் காணோம். இருவரும் ஒரே மோட்டாரில் தோட்டத்துப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. ஓடிப்போய்விட்டார்கள் என்று சொல்ல ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. நிஷாவுக்கும்தான். போலீஸில் சொன்னால் மானம் போய்விடும் என்று நவ்சாத்தின் அண்ணன் லியாக்கத் அலி தடுத்தபோது அவள் மறுக்கவில்லை.

அதன்பிறகு கடையை அவளே நடத்தினாள். அவளை இருட்டோடு எழுப்பி மாவு பிசைய வைத்தது கோபம்தான். குளுவாங் சந்தையில் மலர் பூக்கடை வைத்திருப்பதாகச் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து நிஷா குளுவாங் பக்கமே போகவில்லை.

குளக்கரையில் சறுக்கி விழுந்திருக்க வேண்டும், வேறு எதுவும் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். நல்லடக்கம் முடிந்தது. ஓடிப்போனவன் என்று சொன்ன அதே வாய்கள் பாவம் என்றன. நிஷாவுக்கு அழுகை வரவில்லை. யாரோடும் ஓடாதவன் அந்த வழியில் எதற்குப் போனான்? அதைச் சொல்ல ஒருத்திதான் இருந்தாள்.

நிஷா குளுவாங்குக்கு ரயிலேறினாள்.

கடையில் பூக்கட்டிக்கொண்டிருந்த மலர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"அவரு அன்னிக்கு எங்க போனாருன்னு கேக்க வந்தேன்."

"என்னையா கேக்குறீங்க? முதலாளி உங்க வீட்லதானே இருக்காரு, அவரையே கேளுங்க."

நிஷா பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குளத்து விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க மலரின் முகம் வெளுத்தது.

"பக்கத்து டவுன் லாபிஸ்ல என்னை பஸ் ஏத்திவிடத்தான்கா வந்தாரு. எங்கண்ணன் ஒரு குடிகாரனுக்கு என்னைக் கட்டிவைக்கப் பாத்தான். நம்ம ஊரு ரயில் ஸ்டேஷனுக்குப் போனா எல்லாரும் பாப்பாங்க. அதான் தோட்டத்து வழியா போனோம். 'நிஷா கோவிச்சுக்குவா, சாயங்காலம் நானே சொல்லிக்கிறேன்'னாரு."

மடியில் கிடந்த பூக்களைக் கூடையில் தள்ளிவிட்டுத் தொடர்ந்தாள்.

"அப்புறம் அண்ணனுக்குப் போன் பண்ணேன். 'முதலாளி மோட்டார்ல ஏறிப் போனவளுக்கு இங்க வீடு இல்ல'ன்னு வெச்சிட்டான். முதலாளி வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மா செத்தப்பவாச்சும் வந்திருப்பேன். சொல்லலியேன்னு அவரு மேல எனக்கு அவ்ளோ ஆத்திரம்."

நிஷா தலை குனிந்தாள். போய்விட்டானே என்று ஒருத்தியும், இருந்தும் பேசவில்லையே என்று இன்னொருத்தியும் வெறுத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவன் தண்ணீருக்கடியில் கிடந்திருக்கிறான்.

"ஒரு தடவையாச்சும் என்னைத் தேடினீங்களா, அக்கா?"

"இல்ல. தேடி வந்தா உன்கூட அவரையும் பாக்கணுமேன்னு பயந்தேன்."

மலர் மறுபடி பூக்கட்ட உட்கார்ந்தாள். ஒரு சரத்தைக் கட்டி முடித்தாள்.

"ஊருக்கு வா. நான் கூட வரேன்" என்றாள் நிஷா.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிடாதீங்க."

"நெனைக்கல."

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் இருவரும் பெக்கோக் கடைத்தெருவில் நடந்தார்கள். கோப்பிக்கடையில் தலைகள் திரும்பின. யாரோ எட்டிப் பார்த்து, "யாரு நிஷா இது?" என்று கேட்டார்கள்.

"மலர். இவள பஸ் ஏத்திவிட்டுட்டுத் திரும்பி வரப்பதான் எங்க வீட்டுக்காரரு குளத்துல விழுந்தாரு. எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

மலரின் அண்ணன் மதிவாணன் வீட்டு வாசல் கேட்டுக்குப் பின்னால் நின்றான். தலை நரைத்திருந்தது. தங்கையைப் பார்த்தான், நிஷாவைப் பார்த்தான். தாழ்ப்பாளை விலக்கினான்.

"அம்மா படம் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள் மலர்.

அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

நிஷா உள்ளே போகவில்லை. தனியாகக் கடைக்குத் திரும்பி நடந்தாள். சாயங்காலம் நானே சொல்லிக்கிறேன் என்று அவன் சொன்னது நெஞ்சில் ஓடிக்கொண்டே இருந்தது. பாதித் தெருவில், எல்லாரும் பார்க்க, அவள் தன் கணவனுக்காக முதல் தடவையாக அழுதாள்.