காலாவதியான எலும்பு

மனுஷ உடம்புல இருக்குற எலும்பு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மாறுமா? தெரிஞ்சா சொல்லுங்க. எங்க ஊரு காலேஜுல மாறுதாம்.

டானியா என்கூட முதியோர் இல்லத்துல வேல பாக்குறவ. நான் சமையக்கட்டு, அவ வார்டு. பெரியவங்கள எழுப்பி, கழுவி, உடுத்தி, ஊட்டிவிடுற உதவியாளு. அமெரிக்காவுல இந்த ஒஹாயோ ஆத்தங்கரையில அவள மாதிரி பொம்பளைங்களுக்கு இருக்குற ஒரே ஏணி நர்ஸ் படிப்பு. அதே கட்டடத்துல அதே பெரியவங்களுக்கு மாத்திரை குடுத்தா சம்பளம் ரெண்டு மடங்கு.

காலேஜுல நேரா நர்ஸிங் சேர முடியாது. மொதல்ல முன்படிப்புன்னு சில பாடம் முடிக்கணும். அதுல யாரு வேணா சேரலாம், காசு கட்டினா போதும். முடிச்சவங்கள்ல மார்க்கப் பாத்து கொஞ்சம் பேரத்தான் உள்ள எடுப்பாங்க. மிச்சம் பேரு அடுத்த வருஷம் மறுபடி கேக்கணும். இத அங்க யாரும் சத்தமா சொல்ல மாட்டாங்க.

டானியா கடன் வாங்கித்தான் அதப் படிச்சா. மொத வருஷம் கொஞ்சம் மார்க்குல போச்சு. மறு வருஷம் வாத்தியாருங்க வேலைய விட்டு நின்னுட்டாங்கன்னு சீட்டக் கொறச்சாங்க. அப்புறம் அவங்கம்மா மூணு வருஷம் படுத்த படுக்கையாக் கெடந்து போய்ச் சேந்தாங்க. இந்த வருஷம் கேட்டப்போ, எலும்பு, நரம்புன்னு நீ படிச்ச உடம்புப் பாடமும் கிருமிப் பாடமும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, செல்லாது, திரும்பப் படின்னுட்டாங்க. திரும்பப் படிக்கணும்னா திரும்பக் கடன்.

அன்னிக்கு மத்தியானம் பர்டி தாத்தாவுக்கு உருளக்கெழங்கு ஊட்டிக்கிட்டிருந்தா. அவரு கேட்டாரு, "ஏ பொண்ணே, எப்பத்தான் நர்ஸ் ஆவ? நான் செத்தப்புறமா?"

"உங்களப் பொதைக்க வரும்போது வெள்ள உடுப்போட வர்றேன் தாத்தா. வாயத் தொறங்க."

"போற போக்கப் பாத்தா நானே எந்திரிச்சு வந்து உனக்குக் கை தட்டணும் போல!"

அவரு சிரிச்சாரு. அவ சிரிக்கல.

சாயங்காலம் என் கார்லதான் காலேஜுக்குப் போனோம். ஆலோசகர் ஹோஸ்டெட்லர் நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தாரு. மேசையில புதினா மிட்டாய் கிண்ணம். கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டினாரு.

"பாரும்மா, எங்ககிட்ட முடிச்சவங்க மொத வருஷ சம்பளம் இது. அவங்க கடன் இது. கடன் ஒண்ணுமே இல்ல, எறும்பு மாதிரி! மாநிலத்துலயே எங்க கணக்குத்தான் பிரமாதம்."

"அதுல நான் இருக்கேனா சார்?"

"நீ இன்னும் முடிக்கலியே."

"என் கடன் இருக்கா?"

"அது முடிச்சவங்களோட கடன்மா."

"அப்ப நான் வாங்கினதெல்லாம் எங்க போச்சு?"

அவரு ஒரு மிட்டாய நீட்டினாரு. அவ வாங்கல.

"நான் இதோட விட்டுட்டா?"

"விட்டா, இத்தன நாளு தள்ளி வச்ச பழைய கடன மாசாமாசம் கட்ட ஆரம்பிக்கணும். இந்த ரெண்டு பாடத்தையும் எடுத்துட்டா, படிக்கிற வரைக்கும் கட்ட வேணாம். நாளைக்குத்தான் பதிவு பண்ணக் கடைசி."

அந்த மாசத் தவண அவளோட வீட்டு வாடகையில பாதி. அவ என்னப் பாத்தா. "கேட்டியா செல்வி? கட்டாம இருக்கணும்னா இன்னும் வாங்கணும். சாக்கடையில விழுந்தவளுக்கு இவங்க குடுக்குற கயிறு அதே சாக்கடைக்குள்ளதான் போவுது."

அந்தாளு மூஞ்சி மாறவே இல்ல. இத எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பாரோ! எனக்கு வாயில எச்சி ஊறுச்சு, துப்புறதுக்கு.

நேரா வீட்டுக்குப் போக முடியல. அன்னிக்கு அங்கயே பின் குத்துற விழா. நர்ஸிங் முடிச்சவங்க மேடையில நிப்பாங்க, அவங்க கூப்பிட்ட ஒருத்தர் ஏறிப்போய் நெஞ்சுல பின்னக் குத்திவிடணும். எங்க வார்டுல உதவியாளா இருந்த ஷெல்பி, அம்மாவ விட்டுட்டு டானியாவக் கூப்பிட்டிருந்தா. வேல கத்துக்குடுத்தது நீதான்னு சொல்லி.

டானியா ஏறினா. பின்ன நேராக் குத்தி, ஷெல்பி காலரச் சரி பண்ணிவிட்டா. பர்டி தாத்தா சட்டையச் சரி பண்ற அதே கை.

"அழாதடீ, மை கரையுது."

"அடுத்த வருஷம் உனக்கு நான் குத்துவேன் டானியா."

"ஆமா ஆமா. எறங்கு, கேக்கு தீந்துடப்போவுது."

அப்புறம் காலேஜ் தலைவி மைக்கப் புடிச்சா. வர்ற புதுசுங்களுக்கு ஆச காட்டணுமில்ல? "நம்ம வருங்கால நர்ஸுங்க, முன்படிப்பு படிக்கிறவங்க, படிச்சு முடிச்சவங்க, எல்லாரும் எந்திரிங்க! ஒரு கை தட்டுவோம்!"

எந்திரிச்சாங்க. மேடையில நின்னவங்க ஒரு வேனுல அடங்கிடுவாங்க. கீழ எந்திரிச்சவங்கள ஏத்த ரெண்டு பஸ்ஸு வேணும். கைக்கொழந்தையோட ஒருத்தி. கடை உடுப்பு மாத்தாம வந்த ஒருத்தி. எனக்கு முன்னாடி ஒரு நரச்ச தல, கைப்பைய அணைச்சுக்கிட்டு, பள்ளிக்கூடப் புள்ள மாதிரி வெறப்பா நின்னுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. கறிக்கடையில கட்டி வச்ச ஆட்டுக்கு மால போட்ட மாதிரி இருந்துச்சு. ஹோஸ்டெட்லரும் ஓரமா நின்னு தட்டினாரு, மிட்டாயச் சப்பிக்கிட்டே.

டானியா எந்திரிக்கல. பக்கத்துல இருந்த யாரோ, "எந்திரி கண்ணு, நீயும்தானே?"ன்னு தோளத் தட்டினாங்க.

"நான் கேக்குக்கு வந்தவ"ன்னுட்டா.

கார்ல வரும்போது, "நீ எத்தனதான் படிப்ப டானியா? விட்டுத் தொலையேன்"னேன்.

"விட்டா தவண. தவண கட்டினா வாடக இல்ல. நீயே சொல்லு, எத விடட்டும்?"

தெரிஞ்சவ மாதிரி பேச எனக்கு அசிங்கமா இருந்துச்சு. அவ வீட்டு வாசல்ல எறக்கி விட்டுட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில காலேஜ் எட்டு மணிக்குத் தொறந்துச்சு. டானியா ரெண்டு பாடத்துக்கும் பதிவு பண்ணி, புதுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டா. வேலைக்கு லேட்டா வந்ததுக்கு அர நாள் சம்பளத்தப் புடிச்சாங்க.