கட்டிலை அளந்தவள்

“கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறியே, வெக்கமா இல்ல உனக்கு?”

“எனக்கு எதுக்கு அண்ணி வெக்கம்? நானா நான் தச்ச போர்வையைப் பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு—”

“என் அலமாரியைத் திறக்க உனக்கு யாரு—”

“தலையணை உறை எடுன்னு நீங்கதானே சொன்னீங்க!”

“உறைதானே எடுக்கச் சொன்னேன்? மேல் தட்டைக் குடையச் சொன்னேனா?”

“நான் எங்க குடைஞ்சேன்? கதவைத் திறந்தேன், என் தலை மேலயே வந்து விழுந்துச்சு. பெத்தவளைத் தேடி வந்த பிள்ளை மாதிரி!”

பிள்ளை இப்போது இருவருக்கும் நடுவில், கட்டில் மேல், கிடந்தது. கொடுத்த அன்றைக்கு இருந்த அதே ஜிப் வைத்த பை. மூலைக்கு ஒரு அந்துருண்டை.

டமாரம் என்பது அண்ணன் சின்ன வயதில் தங்கைக்கு வைத்த பட்டப்பெயர். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும் என்பதால் வைத்தது, தலை நரைத்த பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டது. திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. தனியாள். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று நேற்றுதான் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள்.

கடையில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் அவளுடையவை. நிறம் பார்த்து, அளவு பார்த்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டித் தைப்பாள். நடுவே பஞ்சு, கீழே மெத்தென்று ஒரு அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடித்துக் கையாலேயே இழையோட்டம். அவள் ஒட்டுப்போர்வையை யாரும் காசு கொடுத்து வாங்கியது கிடையாது. உறவுக்கும் சிநேகத்துக்கும் மட்டும்தான். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை: போர்த்திக்கொள்ள வேண்டும்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா அவள்? எந்த வீட்டுக்குப் போனாலும் டீ ஆறுவதற்குள் போர்வையைத் தேடிப் பிடித்து, ஓரப்பட்டியில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிடுவாள். மோவாய் உரசுகிற பக்கம்தான் முதலில் நையும். நைந்திருந்தால் முகமெல்லாம் பல்லாகிவிடும். நர்ஸ் சிநேகிதியின் போர்வையில் டீக்கறை கோணல்மாணலாகப் படர்ந்திருந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு டிரைவரின் பூனை அவள் தைத்த போர்வையில் குட்டி போட்டுவிட்டது என்று அந்தக் குடும்பமே மன்னிப்புக் கேட்க வந்தபோது, இவள் பூனைக்கு மீன் வாங்கிக்கொண்டு போனாள்.

அப்பேர்ப்பட்டவள் தைத்ததிலேயே ஆகச் சிறந்தது இதுதான். ஏதோ பெரிய ஓட்டலுக்குத் தைத்த திரையில் மிஞ்சிய நீலம். ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, நடுவில் கட்டிலை நிறைக்கிற மாதிரி பெரிய நட்சத்திரம் வைத்திருந்தாள். அதில் ஒரு நூல்கூட நைந்திருக்கவில்லை.

“நல்லா இருக்கேன்னு பத்திரமா வெச்சேன். அது ஒரு குத்தமா?” என்றாள் அண்ணி.

“பத்திரமா வெக்க அது என்ன நகையா? நேத்து எனக்கு ஒரு கடைக் கம்பளி கொடுத்தீங்க, சாக்கு மாதிரி குத்துது. நீங்களும் அதைத்தான் போர்த்திக்கிறீங்க. என் போர்வை மட்டும் மேல சொகுசாத் தூங்குது!”

“மெதுவாப் பேசு. தெருவுக்கே கேக்குது.”

“கேக்கட்டும். கடைசியாச் சொல்றேன். ஒண்ணு, இன்னிக்கு இதைப் போர்த்திக்கிட்டுப் படுங்க. இல்லேன்னா நான் எடுத்துட்டுப் போறேன். எங்க கடையில இஸ்திரி போடுற பொண்ணு, ஜன்னல் உடைஞ்ச ரூம்ல படுக்குது. அவளுக்காவது ஆகட்டும்.”

“எடுத்துட்டுப் போ.”

டமாரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வீட்டுக்கு அண்ணி மருமகளாக வந்த நாளிலிருந்து இருவரும் சண்டை போட்டிருக்கிறார்கள். உப்புக்குச் சண்டை, ஊதுபத்திக்குச் சண்டை. போட்ட கையோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நாளும் அண்ணி இப்படிப் பாதியில் விட்டுக்கொடுத்ததில்லை.

“அவ்வளவுதானா? இன்னும் ரெண்டு வார்த்தை திட்டுங்க அண்ணி. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “இது என்ன அளவு?”

“உங்க கட்டில் அளவு. நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிருந்தப்ப டேப் வெச்சு அளந்துட்டுப் போனேன். ரெண்டு பக்கமும் தொங்கறதுக்கும் சேர்த்து.”

“கட்டிலை அளந்தே. படுக்கறவங்களை அளந்தியா?”

டமாரம் கட்டிலைப் பார்த்தாள். ஒரு தலையணை குழிந்திருந்தது. இன்னொன்றின் மேல் மடித்த துணிகள் அடுக்கடுக்காக இருந்தன, நேற்றைக்கு வைத்தவை மாதிரி தெரியவில்லை. முன்னறையில் அண்ணனின் ஒற்றைக் கட்டில், ரேடியோ, மூக்குக் கண்ணாடி, தண்ணீர்ச் செம்பு. வந்ததிலிருந்து அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கிறாள். பகலில் சாய்ந்துகொள்ள என்று நினைத்திருந்தாள்; நேற்று அவர் கடை மூடி வருவதற்குள் இவள் தூங்கிவிட்டாள்.

“எப்பலேர்ந்து?”

“நீ இதைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கே அவர் முன் ரூம்லதான். முதல்ல இருமல்னு போனார். இருமல் நின்னுது, ஆள் வரல. சண்டையா, சச்சரவா, ஒண்ணும் கிடையாது. ‘இங்க காத்து நல்லா வருது’ன்னார். அதோட சரி.”

“நீங்க கேக்கலையா?”

“காத்தோட நான் போட்டி போடணுமா?”

டமாரம் பையை நகர்த்திவிட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒரு தடவை போர்த்திப் பார்த்தேன்டி. பாதி என் மேல, பாதி வெறும் கட்டில் மேல. ஆள் இல்லாத பக்கம் மடிப்புக் கலையாம என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. எழுந்து மடிச்சு வெச்சுட்டேன்.”

“அண்ணன் கடையிலேர்ந்து வரட்டும். நான் பேசறேன்.”

“என்ன பேசுவே? போய் அண்ணி பக்கத்துல படுன்னா? சிபாரிசுல வர்ற மனுஷன் எனக்கு வேண்டாம்.” அண்ணியின் குரல் நிமிர்ந்தது. “மருந்துக் கடை வெச்சிருக்கார், ஊர்ல இருக்கறவன் சளியெல்லாம் விசாரிக்கிறார். ஒரு நாள் இந்த வாசப்படியில நின்னு, உனக்குக் குளிருதான்னு என்னைக் கேட்டிருப்பாரா? எனக்கு இப்ப வேண்டியது ஆள் இல்ல. போர்வை.”

“அதான் இருக்கே.”

“இது ரெண்டு பேரோடது. எனக்கு என் அளவுல வேணும். வெட்டு.”

“என்னது?”

“வெட்டுடி. பையில கத்திரி இல்லாம நீ எங்கயும் போக மாட்டியே.”

“ஐயோ அண்ணி, உங்களுக்குன்னு புதுசா ஒண்ணு தச்சுத் தரேன். இதை விடுங்க. வெட்டினா இழையோட்டம் பூரா பிரிஞ்சுடும், பஞ்சு பிதுங்கிக்கிட்டு வரும். இந்த நட்சத்திரத்தைப் பாருங்க, முனைக்கு முனை சேர்க்கறதுக்குள்ள என் கண்ணே போச்சு.”

“எனக்கு இதுதான் வேணும். இந்த நீலம் எனக்குப் பிடிக்கும். அவர் எழுந்து போனார்னு கட்டில்ல பாதியை விட்டேன், போர்வையை முழுசா விடணுமா?”

“அதுக்குன்னு வெட்டுவாங்களா?”

“பூனை குட்டி போட்டா மீன் வாங்கிக் கொடுப்பே. நான் ஒருத்தி நிம்மதியாப் படுக்கணும்னு கேட்டா உனக்கு வலிக்குதோ? போர்த்திக்கத்தான் தச்சேன், போர்த்திக்கத்தான் தச்சேன்னு இவ்வளவு நேரம் கத்தினியே, அது ஊருக்கு மட்டும்தானா?”

சுருக்கென்றது. டமாரம் நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். பையின் ஜிப்பை ஒரே இழுப்பில் திறந்து, அந்துருண்டைகளை ஜன்னல் வழியாக வீசினாள்.

“தையல் மெஷின் ஓடுதா?”

“இஸ்திரிப் பெட்டி அது மேலதான் இருக்கு. இறக்கி வெச்சா ஓடும்.”

“அப்ப முதல்ல படுங்க.”

“இப்பவா?”

“போன தடவை கட்டிலை அளந்தேன். இந்தத் தடவை உங்களை அளக்கறேன். ஓரமா ஒண்டாதீங்க! நடுவுல வாங்க. கையை விரிங்க. இன்னும்.”

அண்ணி கூச்சத்தோடு கையை விரித்தாள். அப்புறம் காலையும் விரித்தாள். மேல்கூரையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். டமாரம் அவள் மேல் போர்வையைப் போட்டு, இந்த விரல்நுனியிலிருந்து அந்த விரல்நுனி வரை டேப் ஓட்டி, சாக்கட்டியால் நெடுகக் கோடு போட்டாள். கோடு நடுவில் விழவில்லை. நன்றாகத் தள்ளி விழுந்தது. நட்சத்திரத்தின் ஒரு முனை மட்டும் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று.

“பாதிக்குப் பாதின்னு நினைச்சேன்,” என்றாள் அண்ணி எட்டிப் பார்த்து.

“உங்க அளவு இதுதான். நான் என்ன பண்ண?”

மெஷின் முதலில் முரண்டு பிடித்தது. எண்ணெய் விட்டதும் கடகடவென்று கிளம்பியது. கோட்டுக்கு இந்தப் பக்கம், அண்ணியின் பக்கம், நெருக்கி இரண்டு தையல் ஓட்டினாள் டமாரம். அந்தப் பக்கமும் ஓட்டத் துணியைத் திருப்பினாள்.

“அதுக்கு வேண்டாம்,” என்றாள் அண்ணி.

“பிரிஞ்சுடும் அண்ணி.”

“தெரியும்.”

கத்திரி பஞ்சுக்குள் இறங்கும்போது டமாரம் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மூடவில்லை. முனை போயிற்று. போகட்டும். வெட்டிய ஓரத்துக்குப் பட்டி வைத்து மடித்துத் தைத்து, அண்ணியின் தோளில் போடும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அண்ணன் அறை வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே மருந்து வாசனையும் வந்தது.

“ஏ டமாரம், என்ன பண்றே? நல்லா இருந்த போர்வையை எதுக்கு நாசம் பண்றே?”

டமாரம் பதில் சொல்லத் திரும்பினாள். அண்ணி அவள் தோளை அழுத்தினாள். போர்வை அண்ணியின் தோளிலிருந்து கணுக்கால் வரை இறங்கியிருந்தது. புதுப் பட்டி மோவாய்க்குக் கீழே.

“எனக்குக் குளிருது,” என்றாள் அண்ணி.

“குளிருதுன்னு சொல்லியிருந்தா வர்ற வழியில நல்ல கம்பளியா ஒண்ணு வாங்கிட்டு வந்திருப்பேனே?”

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

அண்ணன் குனிந்து தரையில் கிடந்த துண்டை எடுத்தார். அகலமான மேல்துண்டு அளவுதான் இருந்தது. தூக்கியதும் ஒரு பக்கத்திலிருந்து நூல் தொங்கியது. பஞ்சு பிய்ந்து அவர் காலில் விழுந்தது.

“இது என்ன?”

“உங்க பங்கு.”

“இவ்வளவுதானா?” அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓரமெல்லாம் பிரிஞ்சு கிடக்கே.”

அண்ணி மெஷின் மேலிருந்து ஊசியையும் நூல்கண்டையும் எடுத்து நீட்டினாள்.

“ஆமா, பிரிஞ்சுதான் கிடக்கு. தச்சுக்குவீங்களா?”