இண்டிகேட்டர் வேலை செய்யும் வண்டி

நாகரிகம் இருநூற்றைம்பது சிசியில் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருப்பவை எல்லாம் இன்ஜின் வைத்த சைக்கிள்கள். இதை நான் கல்லூரி கேன்டீனில் பல முறை நிறுவியிருக்கிறேன். எதிர்த்துப் பேசியவர்கள் எல்லாரும் பஸ்ஸில் வருகிறவர்கள் என்பதால் அவர்களுடைய கருத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. எங்கள் வீட்டில் இருந்தது நூறு சிசி வண்டி, அப்பா வாங்கியது. இன்ஜின், இரண்டு சக்கரங்கள், மனம் வைத்தால் ஹாரன், இவ்வளவும் அதில் வேலை செய்தன. இண்டிகேட்டர் எரிந்து நான் பார்த்ததில்லை. அம்மா கல்யாணமான புதிதில் ஒருமுறை பார்த்ததாகச் சொல்வாள். ஆனால் அம்மா அந்தக் காலத்து அப்பாவைப் பற்றிச் சொல்லும் பல விஷயங்களுக்குச் சாட்சி கிடையாது.

அப்பா தராசு பழுதுபார்ப்பவர். காய்கறிக் கடையோ மளிகைக் கடையோ, எங்கே தராசு முரண்டு பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தோல் பை நிறைய எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றுவார். போன வருடம் கண் டாக்டர், வலது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து நான் முன்னால், அப்பா பின்னால், நடுவில் எடைக்கற்கள். காலையில் அவரைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டு நான் கல்லூரிக்குப் போவேன்.

பின்னால் உட்கார்ந்த அப்பா சும்மா இருக்கவில்லை. இண்டிகேட்டர் இலாகாவைத் தானே எடுத்துக்கொண்டார். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முழங்கை மடங்காமல் இடக்கை நீளும். வலப்பக்கத்துக்கு வலக்கை. வேகம் குறைக்க வேண்டுமென்றால், அழுகிற குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் உள்ளங்கையால் காற்றைத் தட்டுவார். கையை நீட்டுவதற்கு முன் உடம்போடு திரும்பி, பின்னால் வருகிறவரைக் கண்ணுக்குக் கண் பார்ப்பார். திரும்பி முடித்ததும் தலையை ஆட்டி நன்றி சொல்வார். லாரி டிரைவர்கள் பதிலுக்குத் தலையாட்டுவார்கள். பள்ளிக்கூட வேனில் போகும் குழந்தைகள் அதை டாட்டா என்று எடுத்துக்கொண்டு கை அசைக்கும். அதற்கும் பதில் அசைப்பார்.

இதில் ஒரே சிக்கல் மேம்பாலம். எங்கள் இருவரையும் எடைக்கற்களையும் சேர்த்து இழுக்க அந்த வண்டிக்கு மூச்சு போதாது. பாதி ஏற்றத்தில் இருமத் தொடங்கும். அப்பா இறங்கிக்கொள்வார். "நீ போடா, நான் காலாற வர்றேன்" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். உச்சியில் அவருக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம் என் தத்துவம் உறுதிப்பட்டது.

மாலை நேரத்தில் கூரியர் பை சுமந்தேன். விடுமுறையிலும் சுமந்தேன். பழைய வண்டியையும் கொடுத்து, இருநூற்றைம்பது சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். எனக்கு முன்னால் ஒருவர் ஓட்டியது. கறுப்பு நிறம், எருமைக் கன்றுபோல் பெட்ரோல் டாங்க். வண்டி விற்றவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். அப்பா சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்து, "நல்ல கனம்" என்றார். அவர் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

விற்றவர் கடைசியாக ஒரு சுவிட்சைத் தள்ளினார். டிக் டிக் என்று மஞ்சள் விளக்கு மினுக்கியது.

"நாலு பக்கமும் வேலை செய்யுதுங்க. இனிமே ஒண்ணும் கவலை இல்ல."

அப்பா அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓ, இதுக்கு இருக்கா" என்றார்.

முதல் நாள் மேம்பாலத்தில் வண்டி ஏறவில்லை, மிதந்தது. அப்பா இறங்கவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பாலம் இறங்கியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாக இண்டிகேட்டர் போட்டேன். திரும்பினேன். போட்டதை அணைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டு இண்டிகேட்டர் தானாகவே மடங்கிக்கொள்ளும் வகை.

அடுத்தது டீக்கடைச் சந்திப்பு. அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும். கடை வாசலில் என் வகுப்புக்காரர்கள் நின்றிருந்தார்கள். நடுவில் ஜெனரேட்டர். மின்சாரம் போய் வகுப்பு இருட்டாகும்போதெல்லாம் சத்தம் கொடுக்கத் தொடங்குவான் என்பதால் அந்தப் பெயர். அவர்கள் பார்க்க வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்தியதில் மற்றதெல்லாம் மறந்துபோனது. வண்டி வலப்பக்கம் மினுக்குகிறது. அப்பா இடக்கையை முழுசாக நீட்டியிருக்கிறார். நான் இடப்பக்கம் வளைக்கிறேன். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் பிரேக்கை மிதித்து, ஜன்னலில் தலையை நீட்டினார்.

"தம்பி, வண்டி ஒரு பக்கம் சொல்லுது, பெரியவர் ஒரு பக்கம் சொல்றாரு. நான் யாரு பேச்சைக் கேக்கறது? உங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டு ரோட்டுக்கு வரக் கூடாதா?"

டீக்கடை மொத்தமும் சிரித்தது. ஜெனரேட்டருக்குப் புரையேறியது.

நான் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அப்பா, இந்த வண்டிக்கு அதெல்லாம் இருக்கு. கையை வச்சுக்கிட்டுச் சும்மா வாங்க."

"சரிப்பா" என்றார். கையை எடைக்கல் பையின் மேல் வைத்துக்கொண்டார்.

அன்று கேன்டீனில் ஜெனரேட்டர் அந்தக் காட்சியை நடித்துக் காட்டினான். நடிப்பில் தரம் போதவில்லை என்பதால் நானே எழுந்து நடித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, உடம்போடு திரும்பி, முழங்கை மடங்காமல் கையை நீட்டி, லாரிக்காரருக்குத் தலையாட்டி நன்றி. நடமாடும் கைகாட்டி மரம் என்று பெயரும் வைத்தேன். நல்ல கைதட்டல்.

அதற்குப் பிறகு அப்பா கையை எடுக்கவே இல்லை. பின் சீட்டில் ஆள் இருக்கிற சத்தமே இல்லை. ஒருநாள் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, அவர் இறங்கிவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "வந்துடுச்சா" என்றார்.

மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.

"பஸ்ல போறாராம்" என்றாள் அம்மா. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்லு மூட்டையோடயா? வண்டி எதுக்கு இருக்கு?"

"சீட்டு உயரமா இருக்காம்."

"ஏறும்போது நல்லாத்தானே ஏறினாரு."

அம்மா என் சட்டை ஒன்றை எடுத்து, மடித்து, திருப்தி இல்லாமல் மறுபடி உதறினாள்.

"டாக்டர் ஓட்டக் கூடாதுன்னு சொன்ன அன்னைக்கு உங்கப்பா சாப்பிடல. விளக்கு போட்டா கூட எரிஞ்சு விழுந்தாரு. நீ வண்டியை எடுக்க ஆரம்பிச்சு ஒரு வாரம் இருக்கும். ராத்திரி ரெண்டாவது தடவை சோறு கேட்டுச் சாப்பிட்டாரு. என்ன இன்னைக்கு இவ்வளவு பசின்னேன். 'வண்டி ஓட்டினா பசிக்காதா'ங்கறாரு. யாரு ஓட்டினதுன்னு கேட்டேன். 'ரெண்டு பேரும்தான். அவன் முன்னாடி பாத்துக்கறான், நான் பின்னாடி பாத்துக்கறேன்'னாரு."

 

"நின்னுக்கிட்டு இருக்காத, அந்தப் பக்கம் பிடி" என்று போர்வையின் ஒரு முனையைக் கையில் கொடுத்தாள்.

அடுத்த நாள் அவருக்குப் பின்னாலேயே கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏறுங்கப்பா."

"பஸ் வந்துரும்டா. நீ போ, உனக்கு நேரமாச்சு."

"வண்டில இண்டிகேட்டர் சரியா வரல."

அப்பா பின்பக்கம் வந்து குனிந்து பார்த்தார். "எது எரியல?"

"எரியுது. நான்தான் போட்டா அணைக்க மறந்துடறேன். நேத்து ஒரு ஆட்டோக்காரர் கடைத்தெருவிலேர்ந்து காலேஜ் வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தாரு."

"அது இண்டிகேட்டர் கோளாறு இல்லையே."

"இல்லதான்."

ஒரு பஸ் வந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு பையை என் முதுகுப் பக்கம் வைத்து, தோளைப் பிடித்து ஏறினார். சீட்டு ஒன்றும் அவ்வளவு உயரமாக இல்லை.

மேம்பாலம் ஏறி இறங்கினோம். வலப்பக்கம் திரும்பும் இடம். நான் சுவிட்சைத் தொடவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். பின்னால் ஹாரன் கேட்டது.

"போடுடா" என்றார்.

"ரெண்டு கையும் வேலையா இருக்கு. நீங்க காட்டுங்க."

இன்னும் இரண்டு ஹாரன்கள் கேட்டன. பை லேசாக அசைந்தது. அவர் உடம்போடு திரும்புவது சீட்டில் தெரிந்தது. பிறகு கண்ணாடியில் அந்தக் கை முழங்கை மடங்காமல் வெளியே வந்தது. ஹாரன்கள் நின்றன.

திரும்பினோம். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பின்னாடி தண்ணி லாரி வருது. ஓரமாவே போ" என்றார். பல நாட்களுக்குப் பிறகு முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தது.

டீக்கடைச் சந்திப்பு வந்தது. வகுப்பு மொத்தமும் வாசலில் இருந்தது. ஜெனரேட்டர் எங்களைப் பார்த்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தான். அப்பாவும் அவர்களைப் பார்த்திருக்க வேண்டும். கை மறுபடி பையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் லாரி நெருங்கியது. பின்னாலிருந்து சத்தமே இல்லை.

நான் கிளட்சிலிருந்து கையை எடுத்தேன். உடம்போடு திரும்பி லாரி டிரைவரை ஒருமுறை கண்ணுக்குக் கண் பார்த்தேன். இடக்கையை, முழங்கை மடங்காமல், நீட்டினேன்.