சகோதரிகள் வீட்டு ராகம்

ஏழாவது படி இன்னும் கிறீச்சிட்டது. அதைத் தாண்டி எட்டாவதில் கால் வைக்கத்தான் யோஸ்ட் நினைத்திருந்தார். அறுபத்தைந்து வயது முட்டி சம்மதிக்கவில்லை.

"மெதுவா வாங்க சகோதரரே. யாரும் கடிச்சிட மாட்டாங்க," என்றாள் முன்னால் போன பெனிக்னா. வீட்டுப் பொறுப்பு அவளுடையது. ஓர் ஆணை மாடிக்கு அழைத்துப்போவது அவளுக்கும் இதுதான் முதல் தடவை.

இந்தக் கல்வீட்டுக்குச் சுண்ணாம்பு சுமந்தவர் அவர். ஆணும் பெண்ணும் தனித்தனி வீடுகளில் வாழும் பெத்லகேம் என்ற இந்தச் சபைக் குடியிருப்பின் மணமாகாத ஆண்களுக்காகக் கட்டியது. நாலே வருடத்தில் இடம் போதாமல் அவர்கள் பெரிய வீடு கட்டிக்கொண்டு போக, மணமாகாத பெண்கள் குடியேறினார்கள். அன்றிலிருந்து நாற்பத்தைந்து வருடம், தங்கை சலோமேயை அவர் தோட்டத்திலும் ஆலயத்திலும்தான் பார்த்தார்.

இப்போது அவளால் இறங்கி வர முடியாது. கிழக்குச் சன்னலோரம் படுத்திருந்தாள். ஒரு காலத்தில் அது அவருடைய இடம். பதினாறு வயதில் சன்னல் கட்டையில் அவர் கத்தியால் கீறிய டிராம்போன் ஊதுகுழலின் படம் அப்படியே இருந்தது.

"இதை இழைச்சு எடுத்திருக்கலாமே?"

"நான் விடல. தினம் தூசி தட்டுறது நான்தான்," என்றாள் சலோமே.

கர்த்தரின் சித்தம் அறிய ஊர்ப் பெரியவர்கள் சீட்டெடுத்தபோது அவர் கல்யாணத்துக்கு 'ஆம்' விழுந்தது. சலோமேக்கு வந்த வரனுக்கு 'இல்லை'. அது அவரை இன்றுவரை அறுத்துக்கொண்டிருந்தது.

"அந்தச் சீட்டு விஷயத்துல உனக்கு ஏதாவது மனக்குறை..."

"தங்கச்சி தனியாக் கெடக்குறாளேன்னு நெனப்பா? அறுபது பொம்பளைங்க அண்ணே! குறட்டைக்கு நடுவுல தூங்கினதே பெரிய விஷயம்." மூச்சு வாங்கினாள். "நான் போனதும் நீயே ஊது. ஆனா ரெபேக்காவுக்குப் பண்ணின மாதிரி பண்ணிராத."

யார் இறந்தாலும் கூரையிலிருந்து டிராம்போன் ஊதித்தான் ஊருக்குச் சொல்வார்கள். மனைவிமாருக்கு ஒரு ராகம், விதவைகளுக்கு ஒன்று, இந்த வீட்டாருக்கு ஒன்று. கன்னியாகவே இறந்த ரெபேக்காவுக்கு யோஸ்ட் ஞாபகப் பிசகில் மனைவிமார் ராகத்தை எடுத்துவிட, ஊர்க் கணவன்மாரெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

"செத்த பெறகு எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சிராத. நான் இந்த வீட்டுக்காரி. ஊருக்கு அப்படித்தான் கேக்கணும்."

மறுநாள் காலை பத்து மணிக்குச் சலோமே போய்விட்டாள்.

"பெரியவரே, மேல் குரலை நான் எடுக்கட்டுமா?" என்று எதிரே இருந்த ஆண்கள் வீட்டுக் கூரையில், ஊத ஏறிய நால்வரில் ஒருவன் கேட்டான்.

"நாலு பல்லுதான்டா போச்சு. வாய் இருக்கு."

இறப்பைச் சொல்லும் பொது ராகம் முடிந்தது. அடுத்தது அவளுடையது. யோஸ்ட் கண்ணை மூடிக்கொண்டார். முதல் அடி பிசகவில்லை. இரண்டாவதும் சரியாகவே வந்தது. சலோமே எதையும் இழக்கவில்லை என்று அப்போதுதான் முழுசாக நம்பினார். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே அழுகை முட்டி, கடைசி அடியில் மூச்சு உடைந்துபோனது.

கீழ்க் குரல்கள் மூன்றும் ஒலித்தன. மேல் குரல் மட்டும் இல்லை. எதிரே சகோதரிகள் வீட்டுச் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. விட்ட இடத்தை எடுத்து, பெண்கள் பாடி முடித்தார்கள்.

யோஸ்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கிழக்குச் சன்னலில் மெத்தையை வெயிலுக்குப் போட்டிருந்தார்கள். அதை ஒரு கையால் தள்ளிவிட்டு, பெனிக்னா இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியால் சன்னல் கட்டையைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.