டிஸ்க்கில் ஏறாத சீர்

"என் சீர் எங்கடி? நா கொணாந்த சீர் எங்க?"

கன்னியப்பன் காதுகுத்து வீடியோ ஓடிய டி.வி.க்கு முன்னால் நின்று கத்திய கத்தலில், கள்ளிக்குப்பத்தில் அந்தத் தெருவே பாதி வாசலுக்கு வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஜன்னலே போதுமானதாக இருந்தது.

"உக்காருண்ணே, பின்னாடி வரும்," என்றாள் தங்கை நாகவல்லி.

"இன்னாத்த வரும்? மொட்ட அடிச்சாச்சு, சோறு துன்னாச்சு, எச்சில் எலகூட தெளிவா கீது. நா இல்ல!"

"எம்புள்ள காது குத்துனதும்தான் இல்ல."

"எம்மடில ஒக்காந்துதான குத்திகினான்? அதான் வெட்டிட்டீங்க."

கன்னியப்பனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வேலை. தங்கைக்குச் செய்வதில் குறை வைக்காத மனுஷன். செய்ததை ஊர் பார்க்க வேண்டும் என்பதில் அதைவிடக் குறை வைக்காதவர். தாய்மாமன் சீரென்று தெருமுனையிலிருந்து பேண்டு வாத்தியத்தோடு தட்டுத் தட்டாகத் தூக்கிவந்தபோது, நாகவல்லியின் புருஷன் திருவேங்கடம், "இன்னா அலப்பற," என்று முணுமுணுத்தாராம். அது நேராகப் போய்ச் சேர்ந்தது கன்னியப்பனின் மனைவி வேம்புலியம்மாள் காதில். அந்தம்மாள் காதில் போனது வீணாய்ப் போனதாகச் சரித்திரம் இல்லை.

திருவேங்கடத்தின் தம்பி கௌதம், ஐ.டி.யில் இருப்பவன், டி.வி.யில் செருகியிருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான்.

"மாமா, யாரும் வெட்டல. இதுல நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா இருந்தா ஏறாது. நம்ம டி.வி. பழசு, அதுல ஓடணும்னு நான்தான் இந்த ஃபார்மட்ல போட்டுக் குடுத்தேன்."

"டிஸ்க்கு ரொம்பிச்சா?"

"இல்ல, முக்காவாசி காலிதான்."

"காலியா கீது, ஆனா ஏறாது. ஊரே ஏறிச்சு, நா மட்டும் ஏறல. நல்லா கீது நைனா உங்க கம்ப்யூட்டரு!"

வேம்புலியம்மாள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள். அண்ணனும் பின்னாலேயே இறங்கிப் போனார்.

நாகவல்லிக்கு இரவெல்லாம் வீடியோ நினைப்பு இல்லை. அம்மா அப்பா போனபின் பிறந்த வீடென்று இருந்தது அந்த ஒரு மனுஷன்தான். விடிந்ததும் வீடியோ எடுத்த பாபுவிடம் ஓடினாள்.

"டிஸ்க்குல காப்பி போட்றப்போ ஒண்ணு மட்டும் வராதுன்னு காமிச்சிச்சுக்கா. எடம் கொள்ளயா இருந்திச்சு, சும்மா மெசேஜுன்னு ஸ்கிப் குட்த்துட்டேன்," என்றான் பாபு.

"கேமரா கார்டுல இருக்குமேடா?"

"அழிச்சிட்டு மறுநாளே ஒரு வளகாப்பு எட்த்துட்டேன்."

"அத மட்டும் ஏண்டா அம்மாம் பெருசா எடுத்த?"

"உங்கண்ணன்தான்கா. நடுவுல கேமராவ நிறுத்துன, கால ஒடச்சிடுவேன்னாரு. மத்ததெல்லாம் துண்டு துண்டா எடுத்தேன், ஏறிச்சு. அவரு தெருமுனைலேந்து மடில வெச்சு குத்துற வரைக்கும் ஒரே ஷாட்டு."

நாகவல்லி கையோடு அவனை அண்ணன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே பாபு, ஸ்கிப் கொடுத்தது தன் தப்பு என்றான். கன்னியப்பனின் முகம் கொஞ்சம் இளகியது. அத்தோடு அவன் வாயை மூடியிருக்கலாம். நாகவல்லிதான், எல்லாம் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று, "அதையும் சொல்லுடா," என்றாள். சொன்னான்.

"பாத்தியா, கடசில தப்பு உம்மேலதானாம்," என்றாள் வேம்புலியம்மாள். "நல்லா மனப்பாடம் பண்ணிக் குட்த்து கூட்டியாந்துகீறா."

கன்னியப்பன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எம் பேர அழிச்சதும் இல்லாம, நாந்தான் அழிச்சேன்னு எந்தலைலயே கட்டுறியா நாகு? போ. இந்த ஊட்டாண்ட வராத."

அவள் மூன்று முறை போனாள். மூன்று முறையும் கதவைத் திறந்தது வேம்புலியம்மாள்.

அப்புறம் பாபு தன் காதலி சபீனாவைக் கட்டிக்கொண்டு ஆவடிப் பக்கம் போய்விட்டான். இரண்டு வீட்டிலும் சேர்க்கவில்லை. கன்னியப்பனின் மகள் ஜோதிகாவுக்குத் திருமுல்லைவாயிலில் மாப்பிள்ளை அமைந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் பத்திரிகை வந்தது. அத்தை வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்கும் வந்தது. கல்யாணம் முடிந்த மாதமே திருவேங்கடம் குடும்பத்தோடு பூந்தமல்லிக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார்.

புது வீட்டுக்காரம்மாள் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாளாம்.

"நா ஒத்தப் பொண்ணுங்க," என்றாளாம் நாகவல்லி.